பழைய ரூட்டரில் வீலேன்களுக்கிடையே ரூட்டிங்: ஒரே ட்ரங்க் கேபிளில் மூன்று நெட்வொர்க்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் போட ஆறு கம்ப்யூட்டர், எட்டு கேமரா, அதற்கொரு என்விஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), வந்து போகிறவர்களுக்கு வைஃபை. எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில், ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும். வைஃபை பாஸ்வேர்டு வாங்கிய எவரும் பில்லிங் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் வரை போய்விடலாம். மூன்றையும் தனித்தனி வீலேன்களாக, அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்து, தேவையான போக்குவரத்தை மட்டும் ஒரு ரூட்டர் வழியாக விட்டால் இந்தக் கவலை தீரும். இதற்காக, தானே ரூட்டிங் செய்யும் புதிய லேயர் 3 ஸ்விட்ச் வாங்க வேண்டியதில்லை. கம்பெனிகள் கழித்துப் போட்ட சிஸ்கோ 1841 ரூட்டரும் கேட்டலிஸ்ட் 2950 ஸ்விட்ச்சும் போதும். ஆனால் எதை ரூட்டர் வழியே அனுப்பக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

காரணம் வேகம். 64 பைட் பாக்கெட்டில் 1841 நொடிக்கு 75,000 பாக்கெட் கடத்தும். கணக்குப் போட்டால் சுமார் 38 எம்பிபிஎஸ். பெரிய பாக்கெட் என்றால் இதைவிட நன்றாகப் போகும். நாட் (பல கருவிகளை ஒரே இணைய முகவரியில் வெளியே அனுப்பும் முறை), ஆக்சஸ் லிஸ்ட் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) இரண்டும் ஏறியதும் வேகம் இறங்கிவிடும். 2811 என்றால் 120,000. இன்னும் பழைய 2620, 2621 வெறும் 25,000. எட்டு கேமரா தலைக்கு 4 எம்பிபிஎஸ் அனுப்பினால் 32 எம்பிபிஎஸ், அதுவும் இரவு பகலாக. என்விஆரை பில்லிங் வீலேனில் வைத்துவிட்டு கேமராக்களைத் தனி வீலேனில் போட்டால் அத்தனையும் ரூட்டர் தலையில் விழும். அதனால் என்விஆரும் கேமராவும் ஒரே வீலேனில் இருக்கட்டும். பில்லிங் சர்வரும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே வீலேனில் இருக்கட்டும். வீலேனுக்குள் நடக்கிற போக்குவரத்தை ஸ்விட்ச்சே முழு வேகத்தில் பார்த்துக்கொள்ளும். ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. முதலாளி தன் மேசையிலிருந்து ஒரு கேமராவைத் திறந்து பார்ப்பதும், இணையத்துக்குப் போவதும் மட்டும்தான் ரூட்டருக்கான வேலை.

பழைய பெட்டி வாங்கும்போது போர்ட்டைப் பாருங்கள். 2610, 2611 மாடல்களில் 10 எம்பிபிஎஸ் போர்ட்தான். இந்த வேலைக்கு வேண்டாம். 2620, 2621-இல் ஃபாஸ்ட்ஈதர்நெட் உண்டு. ஆனால் ஐஓஎஸ் (சிஸ்கோ பெட்டியின் இயங்கு மென்பொருள்) 'ஐபி ப்ளஸ்' ரகமாக இருக்க வேண்டும், வெறும் 'ஐபி' ரகத்தில் ட்ரங்க் (ஒரே கேபிளில் பல வீலேன்களைக் கொண்டுபோகும் இணைப்பு) கட்டளையே வராது. 1841-இல் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஃபாஸ்ட்ஈதர்நெட் போர்ட்டும் கூடவே வரும். எங்கள் பரிந்துரை அதுதான்.

கட்டளை அடிக்கும் கன்சோல் போர்ட்டுக்கு வெளிர் நீல ரோல்ஓவர் கேபிளும் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரும் வேண்டும். 9600 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. ஃப்ளோ கன்ட்ரோலை எடுக்காவிட்டால் திரையில் எழுத்து வரும், நீங்கள் அடிப்பது போகாது.

பழைய பாஸ்வேர்டு கேட்டால்: பவர் கொடுத்த முதல் 60 நொடிக்குள் கன்சோலிலிருந்து பிரேக் சிக்னல் அனுப்புங்கள். ஐஓஎஸ் ஏறுவதற்கு முன் வரும் ராம்மான் திரையில் 'கான்ஃப்ரெக் 0எக்ஸ்2142', பிறகு 'ரீசெட்'. காலி ரூட்டராக எழும்பும். 'ரைட் எரேஸ்' கொடுத்துப் பழைய கான்ஃபிகை அழித்துவிட்டு, மறக்காமல் 'கான்ஃபிக்-ரெஜிஸ்டர் 0எக்ஸ்2102' என்று பழைய எண்ணுக்குத் திரும்புங்கள். இதை விட்டால் எத்தனை முறை சேவ் செய்தாலும், கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் காலியாகவே நிற்கும். சேலத்தில் கோடை மழை இடிக்கும் ஒரு மாலை போதும், இந்த மறதி வெளிப்பட.

ஸ்விட்ச்சில் வீலேன் பட்டியல் கான்ஃபிகில் இல்லை, ஃப்ளாஷில் 'வீலேன்.டாட்' என்ற தனி ஃபைலில் கிடக்கும். அதையும் அழியுங்கள். பிறகு 'விடிபி மோட் ட்ரான்ஸ்பரன்ட்' கொடுங்கள். விடிபி என்பது ஸ்விட்ச்சுகள் வீலேன் பட்டியலைத் தமக்குள் பகிரும் முறை. பழைய ஸ்விட்ச்சின் விடிபி ரிவிஷன் எண் பெரிதாகவும் டொமைன் பெயர் ஒன்றாகவும் இருந்தால், மாட்டிய நிமிடமே மற்ற ஸ்விட்ச்சுகளின் வீலேன் பட்டியலை அது மாற்றி எழுதிவிடும்.

எண்கள் இப்படி: பில்லிங் வீலேன் 10, முகவரி 192.168.10.0. கேமரா வீலேன் 20, 192.168.20.0. விருந்தினர் வைஃபை வீலேன் 30, 192.168.30.0. வீலேன் 99-இல் எதையும் மாட்டப்போவதில்லை, அது நேட்டிவ் வீலேன், அதாவது ட்ரங்கில் டேக் (வீலேன் எண் முத்திரை) இல்லாமல் போகும் வீலேன். பிராட்பேண்ட் பெட்டிகள் பெரும்பாலும் 192.168.1.0-ஐப் பிடித்திருக்கும், அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். கன்சோலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். முதலில் ஸ்விட்ச். நான்கு வீலேன்களையும் உருவாக்கிவிட்டு, போர்ட் 1 முதல் 8 வரை பில்லிங்குக்கு:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 - 8
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் வீலேன் 10
ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்

9 முதல் 20 வரை வீலேன் 20-க்கும், 21, 22 வீலேன் 30-க்கும் இதே மாதிரி. போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் போர்ட் உயிர்பெற 30 நொடி ஆகும். அதற்குள் கம்ப்யூட்டர் டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் சேவை) கேட்டுக் கிடைக்காமல் 169.254 என்று ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரூட்டருக்குப் போகும் 24-ஆம் போர்ட்:

இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/24
ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்
ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் நேட்டிவ் வீலேன் 99
ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 10,20,30,99

மோட் ட்ரங்க் என்று அடித்துச் சொல்லியே ஆக வேண்டும். ட்ரங்கா இல்லையா என்று ஸ்விட்ச்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் டிடிபி முறை ரூட்டருக்குத் தெரியாது. ஸ்விட்ச் போர்ட்டை தானாகப் பேசி முடிவெடுக்க விட்டால் அது ஒரே வீலேனுக்கான ஆக்சஸ் போர்ட்டாகவே நின்றுவிடும். 2950-க்கு 802.1க்யூ என்ற வீலேன் டேக் முறை மட்டுமே தெரியும் என்பதால் என்கேப்சுலேஷன் கட்டளை அதில் கிடையாது. 3550 போன்றவற்றில் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ' முதலில் வர வேண்டும்.

ரூட்டரில்:

இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0
நோ ஐபி அட்ரஸ்
நோ ஷட்டவுன்
இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0.10
என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 10
ஐபி அட்ரஸ் 192.168.10.1 255.255.255.0
ஐபி நாட் இன்சைட்

இப்படிப் புள்ளி வைத்து வருவது சப்-இன்டர்ஃபேஸ், 0/0 அதன் தாய் இன்டர்ஃபேஸ். 0/0.20, 0/0.30 இரண்டுக்கும் எண் மட்டும் மாறும். 0/0.99-க்கு 'என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 99 நேட்டிவ்' போதும், முகவரி வேண்டாம். என்கேப்சுலேஷனுக்கு முன்னால் ஐபி முகவரி கொடுத்தால் ரூட்டர் ஏற்றுக்கொள்ளாமல் நீளமாக ஒரு செய்தி காட்டும். வரிசைதான் பிரச்சினை, வேறொன்றுமில்லை. 'நோ ஷட்டவுன்' தாய் இன்டர்ஃபேஸில் இருக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வெறும் பெயர்தான், வீலேனைத் தீர்மானிப்பது டாட்1க்யூ எண். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பிறகு வருகிறவர் குழம்ப மாட்டார்.

இணையத்துக்கு 0/1-ஐ பிராட்பேண்ட் பெட்டியில் மாட்டி, 'ஐபி அட்ரஸ் டிஎச்சிபி', 'ஐபி நாட் அவுட்சைட்'. மூன்று நெட்வொர்க்கையும் ஆக்சஸ்-லிஸ்ட் 1-இல் பெர்மிட் செய்து, 'ஐபி நாட் இன்சைட் சோர்ஸ் லிஸ்ட் 1 இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 ஓவர்லோட்'. ஒரு வீலேனுக்கு மட்டும் இணையம் வரவில்லை என்றால், இந்த லிஸ்ட்டில் அது விட்டுப்போயிருக்கும், அல்லது அந்த சப்-இன்டர்ஃபேஸில் நாட் இன்சைட் இருக்காது. 10-க்கும் 30-க்கும் டிஎச்சிபி பூல் போடுங்கள். முதல் இருபது முகவரியை 'எக்ஸ்க்ளூடட்' ஆக்கி பிரிண்டர், சர்வருக்கு ஒதுக்குங்கள். கேமராவுக்கு நிலையான முகவரிதான் நல்லது.

இதுவரை செய்தது இணைப்பு மட்டுமே. ரூட்டர் எல்லா வீலேன்களையும் தானாகவே ஒன்றோடொன்று பேச வைத்துவிடும். பலர் வீலேன் பிரித்ததோடு பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைத்து இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தடுப்பு ஆக்சஸ் லிஸ்ட்டில்தான் இருக்கிறது. விருந்தினருக்கு:

ஆக்சஸ்-லிஸ்ட் 130 டினை ஐபி எனி 192.168.10.0 0.0.0.255
ஆக்சஸ்-லிஸ்ட் 130 டினை ஐபி எனி 192.168.20.0 0.0.0.255
ஆக்சஸ்-லிஸ்ட் 130 பெர்மிட் ஐபி எனி எனி

0/0.30-இல் 'ஐபி ஆக்சஸ்-குரூப் 130 இன்'. கடைசி வரி இல்லாவிட்டால் டிஎச்சிபி உட்பட எல்லாம் நின்றுபோகும். கேமரா பக்கத்துக்கு, பில்லிங்கிலிருந்து கேட்டதற்குப் பதில் மட்டும் வரட்டும்:

ஆக்சஸ்-லிஸ்ட் 120 பெர்மிட் டிசிபி எனி 192.168.10.0 0.0.0.255 எஸ்டாப்ளிஷ்ட்
ஆக்சஸ்-லிஸ்ட் 120 பெர்மிட் ஐசிஎம்பி எனி எனி எக்கோ-ரிப்ளை
ஆக்சஸ்-லிஸ்ட் 120 டினை ஐபி எனி 192.168.10.0 0.0.0.255
ஆக்சஸ்-லிஸ்ட் 120 பெர்மிட் ஐபி ஹோஸ்ட் 192.168.20.5 எனி

192.168.20.5 என்பது என்விஆர். இணையத்துக்குப் போக அது ஒன்றுக்கே அனுமதி. இதை 0/0.20-இல் 'இன்' திசையில் போடுங்கள். எக்கோ-ரிப்ளை வரியை விட்டால் பிங் சோதனைக்குப் பதில் வராது. ரூட்டிங் கெட்டுவிட்டதென்று நினைத்து நல்ல கான்ஃபிகைக் கலைக்கத் தொடங்கிவிடுவீர்கள். பழைய ஐஓஎஸ்ஸுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை. ஆகவே 'நோ ஐபி எச்டிடிபி சர்வர்' கொடுத்து, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான விடிஒய் வரிகளில் ஆக்சஸ்-கிளாஸ் போட்டு, வீலேன் 10-இலிருந்து மட்டும் உள்ளே வர விடுங்கள்.

சோதிக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். ஸ்விட்ச்சில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்': 24-ஆம் போர்ட் அதில் தெரியாவிட்டால் ரூட்டரைத் தொடவே வேண்டாம். ரூட்டரில் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்': நான்கு சப்-இன்டர்ஃபேஸும் 'அப்' என்றிருக்க வேண்டும். பிறகு பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து தன் கேட்வேக்கு (அந்த வீலேனில் ரூட்டரின் முகவரி) பிங், அடுத்து பக்கத்து வீலேனின் கேட்வேக்கு, கடைசியாக அங்குள்ள கருவிக்கு. இரண்டு கேட்வேயும் பதில் சொல்லி கருவி மட்டும் சொல்லாவிட்டால், முதலில் அந்தக் கருவியில் கேட்வே முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரிலும் கேமராவிலும் இது காலியாக இருப்பது சகஜம். விண்டோஸ் ஃபயர்வால் வேறு நெட்வொர்க்கிலிருந்து வரும் பிங்கைத் தடுப்பதும் உண்டு.

இணைப்பு இருக்கிறது, ஆனால் நத்தை வேகம் என்றால் டூப்ளெக்ஸைப் பாருங்கள்: இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஃபுல், மாறி மாறி அனுப்பினால் ஹாஃப். 'ஷோ இன்டர்ஃபேசஸ்' வெளியீட்டில் ஒரு பக்கம் லேட் கொலிஷன், மறுபக்கம் சிஆர்சி என்ற பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், ஒருபுறம் ஃபுல், மறுபுறம் ஹாஃப். இரண்டு முனையிலும் ஆட்டோ வையுங்கள், அல்லது இரண்டிலும் 100, ஃபுல் என்று நிறுத்துங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் இந்தக் கோளாறு தப்பாது.

1841-க்கு 40 டிகிரி வரை என்பதே வரம்பு. சித்திரையில் சேலத்தின் தகரக் கூரை அறை அதைத் தாண்டிவிடும். அம்மாபேட்டைப் பக்கம் தறிக்கூடத்தில் என்றால் பஞ்சு ஃபேன் துவாரத்தைப் படலமாக மூடிவிடும். தரையோடு வையுங்கள், மாதம் ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட்களில் பங்களாவுக்கும் காபி உலர்களத்து ஆபீஸுக்கும் இடையே ட்ரங்க் கொண்டுபோக வேண்டியிருந்தால், திறந்த வெளியில் செப்புக் கேபிள் வேண்டாம். மின்னல் இரண்டு முனைப் பெட்டியையும் கொண்டுபோய்விடும். ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். வீலேன் டேக் 4 பைட் கூட்டுவதால் ஃப்ரேம் 1518-லிருந்து 1522 பைட் ஆகும். சில மலிவான கன்வெர்ட்டரும் சாதா ஸ்விட்ச்சும் அதைக் கீழே போட்டுவிடும். சின்ன பிங் போகும், வெப் பக்கம் பாதியில் நிற்கும். விண்டோஸில் 1472 பைட் அளவில், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு, மறு முனை வீலேனிலுள்ள கம்ப்யூட்டருக்கு பிங் அடியுங்கள். அது தொடர்ந்து போனால்தான் கன்வெர்ட்டருக்குப் பணம் கொடுங்கள்.