குவாத்தமாலால கம்மி காசுல சுத்தணும்னா சிக்கன் பஸ் ஏறுங்க

பாண்டி பஸ் ஸ்டாண்டுல "கடலூர் கடலூர்"னு கத்துற பிரைவேட் பஸ்ல தொத்தி ஏறி, தவளக்குப்பம் வரைக்கும் நின்னுக்கிட்டே போய் பழகுனவங்களா நீங்க? அப்போ மத்திய அமெரிக்கால இருக்குற குவாத்தமாலாவ தாராளமா சுத்தலாம், நம்பி கெளம்புங்க.

அங்க லோக்கல் பஸ்ஸ வெளிநாட்டுக்காரங்க சிக்கன் பஸ்னு சொல்வாங்க, ஊர்க்காரங்களுக்கு அது கமியோனேத்தா. அமெரிக்கால ஸ்கூல் பசங்கள ஏத்தி ஓட்டி ஓஞ்ச மஞ்ச பஸ்ஸ வாங்கிட்டு வந்து, மேல கேரியர் அடிச்சு, கலர் கலரா பெயின்ட் பூசி, நெத்தியில ஒரு பேரும் எழுதி ரூட்ல விட்டுடுவாங்க. சின்னப் பசங்களுக்குன்னு செஞ்ச சீட்டுல மூணு பெரியவங்க உக்காருவாங்க, நடுவுல நடக்கவே இடம் இருக்காது, ஆனா கண்டக்டர் எப்படியோ பூந்து வந்து காசு வாங்கிடுவாரு.

முதல்ல விசா. இந்திய பாஸ்போர்ட்னா டெல்லில இருக்குற அவங்க தூதரகத்துல கேட்டுக்கிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க, அமெரிக்கா வழியா போற டிக்கெட்னா பிளைட் மாறுறதுக்கு மட்டுமே கூட அமெரிக்க விசா வேணும், சீப்பா இருக்கேன்னு அவசரப்பட்டு எடுத்துடாதீங்க. பாண்டில நெறைய வீட்டுல பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு, அவங்களுக்கு 90 நாள் வரைக்கும் விசா தேவையில்ல. ஆனா அந்த 90 நாள் குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா நாலுக்கும் சேத்துத்தான், பார்டர் தாண்டுனா புதுசா எண்ண மாட்டாங்க.

பிளைட் எறங்குறது தலைநகரம் குவாத்தமாலா சிட்டில. அந்த ஊருக்குள்ள ஓடுற டவுன் பஸ்ல மட்டும் ஏறாதீங்க, வழிப்பறி ஜாஸ்தி. ஏர்போர்ட்ல இருந்து ஷட்டில் வேனோ ஊபரோ புடிச்சு நேரா பக்கத்துல இருக்குற ஆன்டிகுவாங்கற ஊருக்கு போயிடுங்க, காசு மிச்சம் புடிக்கற எடம் இது இல்ல.

ஆன்டிகுவால மார்க்கெட்டுக்குப் பின்னாடிதான் பஸ் ஸ்டாண்ட். இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க, அத்தித்லான் ஏரிக்கு நேர் பஸ் எதுன்னு தேடிக்கிட்டே பாதி நாள ஓட்டிட்டு கடைசில டூரிஸ்ட் ஷட்டிலுக்கு பல மடங்கு காசு குடுத்துடுவாங்க. நேர் பஸ் தேடாதீங்க, ஜங்ஷன் ஜங்ஷனா மாறிப் போங்க. ஆன்டிகுவால இருந்து சிமால்தெனாங்கோ, அங்க ஹைவேல நின்னு லோஸ் என்குவென்த்ரோஸ், அங்கருந்து சொலோலா, சொலோலால இருந்து கீழ எறங்குனா பனஹாச்செல், ஏரிக்கரை. நம்ம ஊர்ல பண்ருட்டி, விழுப்புரம்னு மாறி மாறி போற மாதிரிதான். ஒவ்வொரு எடத்துலயும் அடுத்த ஊர் பேர மட்டும் சொல்லுங்க, கண்டக்டரே உங்க பைய தூக்கி கேரியர்ல போட்டுட்டு உங்களையும் உள்ள தள்ளிடுவாரு. பாஸ்போர்ட், பணம், போன் இருக்குற சின்ன பைய மட்டும் மடியில வெச்சுக்கோங்க, அத மேல போட விடாதீங்க.

டிக்கெட்னு ஒண்ணும் கெடையாது. பக்கத்துல உக்காந்திருக்குற அம்மா எவ்ளோ குடுக்கறாங்கன்னு பாத்து அதையே நீட்டுங்க, இல்லன்னா ஏறும்போதே "குவாந்தோ?"ன்னு கேட்டுடுங்க, எவ்ளோன்னு அர்த்தம். அங்க காசு பேரு கெட்சால், ஒரு டாலருக்கு ஏழரையில இருந்து எட்டுக்குள்ள கெடைக்கும். ஏடிஎம்ல 100 கெட்சால் நோட்டா வரும், பஸ்ல சில்லறை கேட்டா மொறைப்பாங்க, அதனால சூப்பர் மார்க்கெட்ல தண்ணி பாட்டில் வாங்கி மாத்தி வெச்சுக்கோங்க. இருட்டுனா ரோட்டுல பஸ் கொறஞ்சுடும், ராத்திரில மலை ரோடு ஆபத்தும் கூட, காலைல 6 மணிக்கு கெளம்பி மதியத்துக்குள்ள போய் சேர்ற மாதிரி பிளான் பண்ணுங்க.

ஏரில ஊர் விட்டு ஊர் போக லான்ச்சான்னு மோட்டார் போட் இருக்கு. அதுக்கும் காலைலதான் நல்லது, மதியம் ஆனா ஷோகோமில்னு ஒரு காத்து கெளம்பும், போட் தூக்கித் தூக்கிப் போடும், முன்னாடி உக்காந்தா முதுகு போயிடும், பின்னாடி சீட்டு புடிங்க. கரை எறங்கி மேட்டுல ஏறணும்னா ஆட்டோ நிக்கும், நம்ம பஜாஜ் ஆட்டோவேதான். மொதல் தடவ அத பாத்தப்போ புஸ்ஸி வீதில நிக்கற மாதிரியே இருந்துச்சு, மனசு அப்படியே நெறஞ்சு போச்சு.

வியாழனும் ஞாயிறும் சிச்சிகாஸ்தெனாங்கோல சந்தை, நம்ம சண்டே மார்க்கெட்ட விட கூட்டம், அதுக்கும் அதே லோஸ் என்குவென்த்ரோஸ்ல மாறணும். திக்கால்ங்கற பழைய மாயா கோயில்கள் வடக்க ரொம்ப தூரம், அதுக்கு போய் எறங்குற ஊரு ஃப்ளோரெஸ், தலைநகரத்துல இருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், அந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் நல்ல கோச் பஸ்ஸுக்கு காசு செலவு பண்ணுங்க. கரீபியன் கடலோரம் இருக்குற லிவிங்ஸ்டன் ஊருக்கு போக ரோடே கெடையாது, ரியோ துல்சேல இருந்து போட்தான்.

சாப்பாட்டுக்கு கொமெதோர்னு போர்டு போட்ட கடை, நம்ம மெஸ் மாதிரி, சோளரொட்டி, கருப்பு பீன்ஸ், முட்டை எல்லாம் வயிறு நெறைய கெடைக்கும். சைவம் சாப்பிடறவங்க "சின் கார்னே", அதாவது கறி வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது, கோழிய அவங்க கறி கணக்குல சேக்க மாட்டாங்க, "சின் போயோ"ன்னும் சேத்து சொல்லுங்க.

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை இல்லாத காலம். கடலூர் வெயில நெனச்சுக்கிட்டு வெறும் டி-ஷர்ட்டோட போயிடாதீங்க, ஷேலா ஊரு (மேப்புல கெட்சால்தெனாங்கோன்னு இருக்கும்) 2,300 மீட்டர் உசரத்துல இருக்கு, ஊட்டிய விட மேல, விடியக்காலைல பஸ்ஸுக்கு நிக்கும்போது ஸ்வெட்டர் இல்லன்னா நடுங்கிடுவீங்க.