காரைக்குடியிலிருந்து வெல்ஷ் பேசிப் பழக

பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழியான வெல்ஷைப் பேசிப் பழக இணையக் குழு தேடுகிறீர்களா? குழுவில் எத்தனை ஆயிரம் பேர் என்று பார்க்காதீர்கள். கடைசிப் பத்துக் கேள்விகளின் தேதியையும் பதில் வந்த வேகத்தையும் பாருங்கள். வாரக்கணக்கில் பதில் இல்லையென்றால் அது பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு, வாசல்தான் பெரிது.

வட்டார வழக்கை முதலிலேயே தீர்மானியுங்கள். ‘இப்போது’ தெற்கு வேல்ஸில் ‘நவ்ர்’, வடக்கில் ‘ரூஅன்’.

நேரம்தான் பெரிய சிக்கல். அங்கே இரவு 7 மணிக்குக் கூடினால் இங்கே நள்ளிரவு 12.30, மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை 11.30. காலை 10 மணிக் குழுக்களையே தேடுங்கள்: நமக்குப் பிற்பகல் 3.30 அல்லது 2.30. வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) தடித்த சுவர் சிக்னலை விழுங்கும், முகப்புக்கு வந்துவிடுங்கள்.

அகராதியில் சொல் சிக்காவிட்டால் முதலெழுத்து திரிந்திருக்கும்: ‘மெர்ஹ்’ என்றால் பெண், ‘அ வெர்ஹ்’ என்றால் அந்தப் பெண். இதைத் திருத்திச் சொல்லும் குழுவே உருப்படியானது.