போல்டர் குலையாமல் பைல்களைக் கொப்பி பண்ணுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்களில் கலியாணம் ஒன்று முடிந்தால் அடுத்த வேலை இதுதான். எடுத்த 4,000 படத்தில் இரு வீட்டாரும் தெரிந்தெடுத்த 300, 400 படங்களை மட்டும் பிரித்து, ஆல்பம் செய்கிற கணினிக்கு மாற்ற வேண்டும். கோயில் மலர்களையும் பழைய பாடசாலைச் சஞ்சிகைகளையும் ஸ்கேன் பண்ணுகிறவர்களுக்கும் இதே வேலைதான், படத்துக்குப் பதில் பக்கங்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், முன்பு வந்தவர்கள் விழுந்த அதே கிடங்கில் வரிசையாக விழுகிறார்கள். பென் டிரைவை இஜெக்ட் பண்ணாமல் இழுப்பது, வைரஸ் பிடித்த பென்னைச் செருகுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாமல் நடப்பவை அல்ல.

தேடி எடுத்து மொத்தமாகப் பேஸ்ட் பண்ணுவது

எத்தனை தரம் சொன்னாலும் எரிச்சல் தீராத தவறு இது. கலியாணப் போல்டரைத் திறக்கிறார்கள். தேடல் பெட்டியில் *.ஜேபிஜி என்று அடிக்கிறார்கள். உள்ளே இருக்கிற அத்தனை போல்டரிலும் உள்ள படங்கள் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். கொன்ட்ரோல் ஏ, கொன்ட்ரோல் சி, வெளி டிஸ்க்கில் கொன்ட்ரோல் வி. வேலை முடிந்தது, சிவப்பாக ஒன்றும் வரவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் "பொன்னுருக்கு", "தாலிகட்டு", "ரிசப்ஷன்" ஒன்றும் இல்லை. எல்லாப் படமும் ஒரே குவியல்.

தேடல் முடிவு போல்டர் அல்ல, வெறும் பட்டியல். அதிலிருந்து எடுத்தால் விண்டோஸ் பைலை மட்டுமே கொண்டுபோகும், அது இருந்த பாதையை விட்டுவிடும். ஒழுங்கையின் பெயரை வெட்டிவிட்டு வீட்டு இலக்கத்தை மட்டும் தபாற்காரர் கையில் கொடுப்பதுபோல. 12ஆம் இலக்க வீடு எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறது.

கமராப் படங்களில் இது உடனே பழிவாங்கும். நிக்கோன் டிஎஸ்எல்ஆர் என்றால் டிஎஸ்சி_0001, கெனன் என்றால் ஐஎம்ஜி_0001 என்று நாலு இலக்கத்தில் எண் ஓடும். 9999 போனதும் திரும்பவும் 0001. ஒரே வகைக் கமரா இரண்டு நின்ற கலியாணத்தில் 0457 இரண்டு இருப்பதில் அதிசயமில்லை. பேஸ்ட் பண்ணும்போது விண்டோஸ் கேட்கும்: மாற்றிவிடவா, விட்டுவிடவா, ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா என்று. மாற்று என்றால் முதல் கமராவின் படம் போய்விடும், விட்டுவிடு என்றால் இரண்டாவது கமராவின் படம் வந்தே சேராது. இரண்டையும் வைத்தால் ஒன்றின் வாலில் (2) ஒட்டிக்கொள்ளும், எது எந்தக் கமரா என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. கொன்ட்ரோல் சி-க்குப் பதிலாகக் கொன்ட்ரோல் எக்ஸ் அடித்திருந்தால் இன்னும் மோசம், அழிவது மூலப்படம்.

ஒரு ஸ்டூடியோவில் இப்படித்தான் நடந்தது. பெண் வீட்டார் கொடுத்த தாளில் 0457 என்று மட்டும் இருந்தது. ஆல்பம் அச்சாகி வந்து விரித்தால், தாலி கட்டுகிற இடத்தில் பெரியப்பா பந்தியில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தைத் திரும்ப அடித்த செலவு ஸ்டூடியோவின் தலையில். அதைவிடத் தலைவலி, அந்தத் தாலிப்படம் ஆல்பக் கணினியில் இல்லவே இல்லை. அது "மாற்று" என்ற ஒரு சொடுக்கில் போயிருந்தது.

சரியான வழிக்குப் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. பைல்களைக் கொப்பி பண்ணுகிற ரோபோகொப்பி என்ற கட்டளை விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸோடு சேர்ந்து வருகிறது. கமாண்ட் புரொம்ப்டில் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) இதை, போல்டர் பெயர்கள் தவிர மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தில், அடிக்க வேண்டும்:

ரோபோகொப்பி "டி:\கலியாணம்" "எஃப்:\ஆல்பம்\கலியாணம்" *.ஜேபிஜி /எஸ் /ஆர்:1 /டபிள்யூ:1

முதலாவது எடுக்கும் இடம், இரண்டாவது போடும் இடம், மூன்றாவது எந்த வகைப் பைல் என்பது. /எஸ் உள்போல்டர்களையும் அதே அடுக்கில் கொண்டுபோகும், வெறும் போல்டர்களை விட்டுவிடும். வெறும் போல்டரும் வேண்டுமென்றால் /ஈ. /ஆர், /டபிள்யூ எதற்கென்று கடைசிப் பகுதியில் வரும். போடும் இடத்திலும் "கலியாணம்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ரோபோகொப்பி உள்ளே இருப்பதைத்தான் கொண்டுபோகும், மேல்போல்டரின் பெயரைத் தானாக உண்டாக்காது.

கையால் பொறுக்கிய 300 படம் என்றால்? ரோபோகொப்பிக்குப் பட்டியல் பைலை வாசிக்கத் தெரியாது. *0457.ஜேபிஜி *0461.ஜேபிஜி என்று பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம், ஆனால் இரண்டு கமராவின் 0457-உம் வந்து நிற்கும். ஆகவே தெரிவுத் தாளிலேயே போல்டரின் பெயரையும் எழுதி வாங்குங்கள். பிறகு "தாலிகட்டு\கமரா1\டிஎஸ்சி_0457.ஜேபிஜி" என்று வரிக்கு ஒன்றாக நோட்பேடில் அடித்து, கமாண்ட் புரொம்ப்டில் கலியாணப் போல்டருக்குள் நின்றுகொண்டு, பைல்களை ஒரே பொதியாகக் கட்டுகிற செவன்சிப் மென்பொருளிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் (பட்டியல் பைலின் பெயருக்கு முன்னால் @ குறி), போல்டர் அடுக்கோடு சிப் கட்டித் தரும். -எம்எக்ஸ்0 போட்டால் சுருக்காமல் கட்டும். ஜேபிஜி ஏற்கெனவே சுருங்கியது, திரும்பச் சுருக்க நேரம்தான் போகும்.

இங்கேயும் ஒரு பொறி. பட்டியலில் "டி:\" என்று முழுப்பாதை எழுதினால் செவன்சிப் கடைசிப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும், மீண்டும் குவியல். நல்லகாலம், ஒரே பெயர் இரண்டு வந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். பழைய விண்டோஸ் என்றால் நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள், இல்லையேல் பட்டியலில் உள்ள தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். முழுப் போல்டரையும் கொப்பி பண்ணிவிட்டு, கொப்பியில் வேண்டாததை அழியுங்கள். அழிக்கும்போது மூல டிஸ்க் கழற்றி மேசையில் இருக்க வேண்டும்.

/மிர்

இணையத்தில் பார்த்துவிட்டு ரோபோகொப்பியோடு /மிர் சேர்த்து அடிக்கிறவர்கள் அதன் பொருளைப் படிப்பதில்லை. அது "அப்படியே கொப்பி பண்ணு" என்பதல்ல, "போடும் இடத்தை எடுக்கும் இடம்போல ஆக்கு" என்பது. எடுக்கும் இடத்தில் இல்லாத ஒன்று போடும் இடத்தில் இருந்தால் அழித்துவிடும், ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. போடும் இடமாக வெளி டிஸ்க்கின் தலைவாசலையே (போல்டர் பெயர் இல்லாமல் எஃப்:\ என்று மட்டும்) கொடுத்தால் அதில் இருந்த பழைய கலியாணங்கள் எல்லாம் போய்விடும். இரண்டு பாதையையும் மாற்றி அடித்தால் வெறும் டிஸ்க்கைப் பார்த்து மூலமும் வெறுமையாகும். தெரிந்தெடுத்த பைல்களை அனுப்புகிற வேலைக்கு /மிர் தேவையே இல்லை. எதை ஓட்டினாலும் முதலில் /எல் சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும்.

மேற்கோளுக்குள் வாலில் ஒரு சாய்கோடு

"டி:\" என்று அடித்தால் கடைசிச் சாய்கோடு மூடும் மேற்கோளை விழுங்கிவிடும், கட்டளை குழம்பும். டிரைவின் தலைவாசலுக்கு மேற்கோள் போடாதீர்கள்.

4 ஜிபி வீடியோ

ஃபாட்32 முறையில் ஃபோர்மட் பண்ணிய பென் அவ்வளவு பெரிய ஒரே பைலை எடுக்காது. எக்ஸ்ஃபாட்டாக ஃபோர்மட் பண்ணுங்கள், உள்ளே இருப்பதை எடுத்த பிறகு.

தமிழில் பெயர் வைத்த போல்டர்கள்

வைக்கலாம். கணக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரருக்கு முழுப்பாதையும் சேர்த்து 260 குறிகள்தான் எல்லை. "பொன்னுருக்கு" நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 12 குறி, ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். நாலைந்து போல்டர் ஆழத்தில் நீளமான தமிழ்ப் பெயர்கள் இருந்தால் எல்லை சட்டென்று வந்துவிடும். பாதை நீளம் என்று எக்ஸ்ப்ளோரர் சொல்லும்போது "எல்லாவற்றுக்கும் இப்படியே" என்று சரி போட்டு ஸ்கிப் கொடுப்பவர்கள், எத்தனை பைல் விடுபட்டது என்று பார்ப்பதில்லை. ரோபோகொப்பி நீளப்பாதையையும் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் சேர்ந்த இடத்தில் எக்ஸ்ப்ளோரரால் திறக்க முடியாமல் போகலாம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், ஆகவே 85 குறி.

அதே சொல்லில் இன்னொரு வில்லங்கம். "பொ"வின் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலும் இரண்டு குறியாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விண்டோஸுக்கு அவை இரண்டு பெயர். சில விசைப்பலகைகளும் பழைய மாக் டிஸ்க்குகளும் பிரித்து எழுதும். ஒரே இடத்தில் "பொன்னுருக்கு" என்று இரண்டு போல்டர் நின்றால் பேய் பிசாசு அல்ல, இதுதான். ஒன்றில் உள்ளதை மற்றதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

"புதியதை மட்டும்" என்று நம்புவது

ரோபோகொப்பியோடு /எக்ஸ்ஓ சேர்த்தால், போடும் இடத்தில் இருப்பதைவிடப் பழையதை விட்டுவிடும். எது பழையது என்பதைப் பைலில் பதிந்த நேரம்தான் சொல்லும். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரி செத்த பழைய கணினி, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் பல வருடம் பின்னால் போய்நிற்கும். அதில் இன்று திருத்திய படமும் பழையதாகத்தான் பதியும், கொப்பியாகாது. முதலில் பணிப்பட்டையில் திகதியைப் பாருங்கள். ஃபாட்32 பென் நேரத்தை 2 செக்கன் துல்லியத்தில்தான் வைத்திருக்கும். மாறாத பைலெல்லாம் மாறியதாகத் தெரிந்தால் /எஃப்எஃப்டி சேருங்கள்.

ஷோர்ட்கட்டைக் கொப்பி பண்ணுவது

அதற்குள் படம் இல்லை.

இரவு ஓடவிட்டுவிட்டுப் போவது

மேலே /ஆர்:1 /டபிள்யூ:1 போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் வாசிக்க முடியாத ஒரு பைலில் ரோபோகொப்பி 10 இலட்சம் தரம் முயலும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 30 செக்கன். பெருக்கிப் பார்த்தால் 347 நாள். டிஸ்க்கில் ஒரு புள்ளி பழுதென்றால் காலையில் வந்து பார்க்கும்போதும் அதே பைலில்தான் நிற்கும்.

நடுவில் கரண்ட் போனால் எக்ஸ்ப்ளோரரில் திரும்பப் பேஸ்ட் பண்ணி ஸ்கிப் கொடுக்காதீர்கள். அது பெயரைத்தான் பார்க்கும், அரைகுறையாக நின்ற பைல் அப்படியே தங்கிவிடும். ரோபோகொப்பி அளவையும் நேரத்தையும் பார்த்து மிச்சத்தை எடுக்கும். அதே கட்டளையைத் திரும்ப அடித்தால் போதும். முடிந்ததும் கீழே வருகிற அட்டவணையில் ஃபெயில்ட் நிரலில் 0 இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு தரம் ஓட்டுங்கள். இந்தத் தரம் கொப்பீட் நிரலிலும் 0 வந்தால் மூல டிஸ்க்கைக் கழற்றலாம்.