கணக்கியல் தேர்வில் கிட்டிய மதிப்பு: எப்போது, எப்படி மாற்றுவது?

பினாங்கு லெபோ பாசாரில் சாமான் வாங்கி ரொக்கமாகக் கட்டினால் 12.32 ரிங்கிட் பில் 12.30 ஆகிவிடும், 12.33 என்றால் 12.35. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1 சென் நாணயம் வெளியிடுவதை நிறுத்திய 2008 ஏப்ரல் 1 முதல் இப்படித்தான். என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் சிலர் இதே பழக்கத்தில் விடைத்தாளிலும் கடைசி இலக்கத்தை 0 அல்லது 5 ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அது கல்லாவில் ரொக்கம் கொடுக்கும்போது மட்டும். கேள்வி கேட்டாலொழிய, பேரேட்டில் 12.32 என்றால் 12.32தான்.

சரி, முதல் வேலை கேள்வியைப் படிப்பது. ‘புண்டார்கான்’ (கிட்டிய மதிப்புக்கு மாற்று), ‘தெம்பாட் பெர்புலுஹான்’ (தசம இடம்) என்ற மலாய்ச் சொற்கள் கண்ணில் பட்டதும் அடிக்கோடு போடுங்கள். எத்தனை தசம இடம், கிட்டிய ரிங்கிட்டா, கிட்டிய ஆயிரமா என்பதை அங்கேயே வட்டமிடுங்கள். ஒன்றும் சொல்லவில்லையா? பணத்தை இரண்டு தசம இடத்தில் எழுதுங்கள்.

அடுத்து, வெட்டும் இடத்துக்குப் பக்கத்து இலக்கத்தை மட்டும் பாருங்கள். 5 அல்லது அதற்கு மேல் என்றால் 1 கூட்டுங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள். 2.4449 இரண்டு தசம இடத்தில் 2.44. இதை 2.445 ஆக்கி, அப்புறம் 2.45 ஆக்குவது தவறு. ஒரே தாவலில் போக வேண்டும்.

இப்போது மதிப்பெண் அதிகம் போகும் இடத்துக்கு வருவோம். பிறை வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறைமுகச் செலவு (வாடகை போல எந்த ஒரு வேலைக்கும் நேரடியாகச் சேராதது) 250,000 ரிங்கிட், இயந்திர நேரம் 37,000 மணி. ஒரு மணிக்கு 6.756756... ரிங்கிட். ஒரு வேலைக்கு 4,200 மணி பிடித்தால் அதன் பங்குக்கு வரும் செலவு எவ்வளவு?

தசமத்தை வெட்டாமல் வைத்தால் 28,378.38. நடுவிலேயே 6.76 ஆக்கினால் 28,392.00. 7 ஆக்கினால் 29,400! ஒரே கணக்கில் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். அதனால் 250000 ÷ 37000 தட்டி, திரையை அழிக்காமல் அப்படியே × 4200 தட்டுங்கள். வழிமுறையில் 6.76 என்று எழுதலாம், கால்குலேட்டருக்குள் வெட்டாத எண்ணே இருக்கட்டும். ஆனால், கேள்வியே விகிதத்தை இரண்டு தசம இடத்தில் கேட்டு, அதை வைத்து அடுத்த பகுதியைச் செய்யச் சொன்னால் 6.76ஐத்தான் பயன்படுத்த வேண்டும். தள்ளுபடிக் காரணி (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றப் பெருக்கும் எண்) அட்டவணையும் அப்படித்தான்: 10%, மூன்றாம் ஆண்டு என்றால் 0.751. அட்டவணை கொடுத்திருந்தால் அதையே எடுங்கள்.

சில விடைகளுக்கு 5 விதியே பொருந்தாது. முறுக்குக் கடைக்கு மாத நிலையான செலவு 3,000 ரிங்கிட், ஒரு பாக்கெட்டில் கிடைக்கும் பங்களிப்பு (விற்கும் விலையில் மாறும் செலவு போக மிச்சம்) 3.50. வகுத்தால் 857.14. 857 பாக்கெட் விற்றால் 2,999.50தான் வருகிறது, இன்னும் 50 சென் குறைகிறது. செலவை ஈடுகட்ட 858 பாக்கெட் வேண்டும். எத்தனை பாக்கெட், எத்தனை லாரி, எத்தனை ஆள் என்று கேட்டால் எண்ணை மட்டும் பார்க்காமல் பொருளையும் பாருங்கள்.

கடைசியாக, கூட்டிப் பாருங்கள். 10,000 ரிங்கிட் லாபத்தை மூன்று பங்காளிகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3,333.33, கூட்டினால் 9,999.99. அந்த 1 சென்னை ஒருவர் கணக்கில் சேர்த்து 3,333.34 என்று எழுதுங்கள், கூட்டுத்தொகை சரியாகிவிடும்.