திருவையாற்றிலிருந்து அவலாஞ்சி ஏரிக்கு: முதன்முறை பைக்கில் மலையேறும் தம்பதிக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று தஞ்சாவூர் போவதற்குள் ஐந்து ஆற்றைத் தாண்டிவிடுவோம். ஒரு பாலத்துக்குக்கூட கியர் குறைக்க வேண்டியிருக்காது. இப்படிச் சமதரையில் பழகிய கையும் காலும் மலையில் என்ன தவறு செய்யும் என்பதை நானும் என் கணவரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நீலகிரியின் எமரால்டு, அவலாஞ்சி ஏரிகளுக்கு 150 சிசி வண்டியில் இரண்டு முறை போய்வந்திருக்கிறோம். பின்சீட்டில் உட்கார்ந்து போனவள் நான். பின்சீட்டுக்காரருக்கும் வேலை இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த ஏரிகளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அணைகளில் தேங்கும் தண்ணீர் அது. மின்நிலையங்களைக் கடந்து பவானி ஆற்றில் இறங்கி, பவானிசாகர் வந்து, அங்கே பாசனத்துக்குப் போக மிஞ்சியது கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. நம் வயலுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு புறப்படும் இடத்தை டெல்டாக்காரர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

படி 1: நாள் குறிப்பது

மாசி மாதம் நல்லது. சம்பா அறுவடை முடிந்திருக்கும், ஜனவரி 28-ல் மேட்டூரையும் மூடியிருப்பார்கள், வீட்டில் கையும் ஓய்ந்திருக்கும். ஆடி, ஆவணி வேண்டாம்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண் சரியும். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

படி 2: வண்டி

செயின் தொய்வு, டயர் பட்டன், பிரேக் ஷூ, பிரேக் பேட் இவற்றை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் சூடேறினால் கொதித்து, லீவர் தொளதொளவென்று போய்விடும். இரண்டு பேர் போவதற்கான காற்றின் அளவு வேறு, அது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். மூட்டையைப் பின்னால் உயரமாகக் கட்டாதீர்கள், இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். ஸ்வெட்டர் மேலாக இருக்கட்டும். ஹெல்மெட் இரண்டு பேருக்கும்.

படி 3: ஒத்திகை

இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முழு மூட்டையையும் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூம்புகார் போய்வந்தோம். காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு மலைக்குப் போவது மனசுக்கும் நிறைவாக இருந்தது. முதுகு எத்தனை கிலோமீட்டரில் வலிக்கிறது, எந்தப் பை சரிகிறது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். பேச்சு காற்றில் போய்விடும் என்பதால் தோளில் தட்டிச் சொல்லப் பழகுங்கள்: ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்துங்கள். பெண்கள் சுடிதாரில் போவது நல்லது. துப்பட்டாவைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள், சக்கரத்தில் மாட்டினால் உயிருக்கு ஆபத்து.

படி 4: வழி

தஞ்சாவூர், திருச்சி, குளித்தலை, கரூர், கொடுமுடி, ஈரோடு, பவானி. பெரும்பாலும் காவிரியை ஒட்டியே எதிர்த்திசையில் போகும் வழி இது. பவானியில் தங்கி, விடியலில் கூடுதுறையைப் பார்த்துவிட்டு சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம். ஒரே நாளில் ஊட்டி போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். களைத்த உடம்போடு மலை ஏறக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு கோத்தகிரி வழியாக ஏறுங்கள், குன்னூர் வழியைவிட நெரிசல் குறைவு. கோடை சீசனில் மட்டும் குன்னூர் வழி ஏற, கோத்தகிரி வழி இறங்க என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள்.

படி 5: ஏற்றம்

2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி நம்மூரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் வண்டி திணறுவது போலத் தெரியும், அது பழுதில்லை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவின் நடுவில் மாற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால் முழுச் சாலையும் அதற்கு வேண்டும், ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். பின்சீட்டில் இருப்பவர் வண்டி சாயும் பக்கமே சாய வேண்டும். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் இழுக்கும். வளைவின் உள்பக்கமாக, ஓட்டுபவரின் தோளுக்கு மேலே பார்வையை வைத்தால் உடம்பு தானாகச் சரியாகிவிடும்.

ஊட்டியில் தங்கி மறுநாள் எமரால்டு, அவலாஞ்சி. அவலாஞ்சியில் காட்டுக்குள்ளே வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போவார்கள், பைக்கை வாசலில் விட்டுவிட வேண்டும். சோலைக்கும் புல்மேட்டுக்கும் நடுவே அந்த நீர்ப்பரப்பைப் பார்த்ததும் என் கணவர் சொன்னது: "இவ்வளவு தண்ணி இங்க சத்தமில்லாம நிக்குது பாரு."

படி 6: இறக்கம்

ஏற்றத்தைவிட இதுதான் கடினம். முதல் முறை இறங்கும்போது அவர் நான்காம் கியரில் வைத்துப் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் கருகல் வாடை. இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் மிதிக்கிறார், பெடல் அடிவரை போகிறது, வண்டி பிடிக்கவில்லை. டிரம் சூடேறி ஷூ பிடிப்பை இழந்துவிட்டது. முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து இரண்டாவதுக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் உறுமி வேகத்தை இழுத்துப் பிடித்தது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டோம். என் கை நடுக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

எனவே: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டாதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல், இரண்டு பிரேக்கையும் சேர்த்து வளைவுக்கு முன்பு பிடித்து, விட்டுவிடுங்கள். மேலே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது சட்டமும்கூட. பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று, டிரம்மில் தண்ணீர் ஊற்றாமல் காற்றிலேயே ஆறவிடுங்கள். பின்சீட்டில் இருப்பவர் இறக்கத்தில் முன்னால் சரிந்து ஓட்டுபவர் முதுகில் பாரத்தை ஏற்றாமல், பின்னாலுள்ள கம்பியை ஒரு கையால் பிடித்து, தொடையை இறுக்கி உட்காருங்கள். கருகல் வாடை வந்தால் கூச்சப்படாமல் உடனே தட்டுங்கள்.

மேட்டுப்பாளையம் வந்ததும் டயர் காற்றையும் செயினையும் ஒருமுறை பாருங்கள். சமதரைச் சாலை மறுபடி தொடங்குவது அங்கேதான். இரண்டு முறையுமே அங்கு இளநீர் குடித்துவிட்டுத்தான் ஊருக்கு வண்டியைத் திருப்பினோம்.