பினாங்கில் இறங்கி கிராப் பிடிக்கும்போது நம்மவர்கள் செய்கிற தவறுகள்

தைப்பூசம் நெருங்கினால் காரைக்குடிப் பக்கத்தில் யார் வீட்டிலாவது மலேசியாவின் பினாங்குத் தீவைப் பற்றிய பேச்சு எழும். அங்குள்ள தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ரெண்டு நாள் தங்கி வரலாம் என்று திட்டம் போடுவார்கள். டிக்கெட்டையும் விடுதியையும் வாரக்கணக்கில் அலசுகிறவர்கள், ஏர்போர்ட்டிலிருந்து விடுதிக்குப் போகிற வண்டியை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

ஊபரை நம்பிப் போக வேண்டாம். 2018-லேயே தென்கிழக்காசியத் தொழிலை, அதே மாதிரி வண்டி அழைக்கும் செயலியான கிராப்பிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டது. அந்த கிராப்பையும் ஊரில் இருக்கும்போதே போனில் ஏற்றி, நம்பரைப் பதிந்து, கார்டையும் இணைத்துவிடுங்கள். ஏர்போர்ட் வைஃபையில் செயலி இறங்கிவிடும், ஓடிபி வராது. அது சிம்முக்கு வருகிற எஸ்எம்எஸ் அல்லவா, ரோமிங் இருந்தால்தான் வரும். ஒரு தடவை நான் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு மலேசிய சிம்மைப் போட்டேன். கார்டை இணைக்கப் போனால், வங்கி அனுப்பிய ஓடிபி பர்ஸில் கிடந்த சிம்முக்குப் போய்விட்டது! கையில் கொஞ்சம் ரிங்கிட் இருந்ததால் தப்பித்தேன். கிராப்பில் ரொக்கமாகவும் கொடுக்கலாம். சில்லறை நோட்டாக வைத்திருப்பது நல்லது.

அடுத்தது பெட்டிக் கணக்கு. "நாலு பேர்தானே" என்று சாதாரண வண்டியை அழுத்தினால், பெரும்பாலும் மைவி மாதிரி சின்னக் கார்தான் வரும். நாம் போவதோ நாலு பெரிய பெட்டி, சீப்புச்சீடையும் மாவுருண்டையும் நிறைந்த ரெண்டு சம்படம், அப்பத்தாவின் சக்கர நாற்காலி என்று. ஆறு பேர் வண்டியையே போடுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

பெல்ட்டில் பெட்டி வருவதற்குள் வண்டியை அழைப்பதும் தவறு. ஓட்டுநர் வந்து காத்திருந்து, வெறுத்துப்போய் ரத்து செய்துவிடுவார். பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சுங்கத்தையும் தாண்டி வந்தபின் அழையுங்கள். எந்தக் கதவு என்று செயலி கேட்கும். தலைக்கு மேலே இருக்கிற பலகையைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். வண்டி எண்ணைப் பார்க்காமல் ஏறாதீர்கள். சேர்ந்தாற்போல் சில விமானங்கள் இறங்கினால் கட்டணம் ஏறும். ஒரு காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் பல நேரம் இறங்கியிருக்கும்.

தூரத்தையும் குறைத்து எண்ண வேண்டாம். ஏர்போர்ட் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில், பத்து ஃபெரிங்கி வடக்குக் கரையில். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், ஆனால் மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே இழுக்கும். திரும்பும் நாளுக்கு வண்டியை முன்பதிவு செய்கிறவர்கள் போனில் மலேசிய நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

கோயிலுக்கு வண்டி போடும்போது "முருகன் கோயில்" என்று மட்டும் தேடாதீர்கள். மலைமேல் ஒன்று, கீழே ஜாலான் கெபுன் பூங்காவில் நகரத்தார் கோயில் ஒன்று. வரைபடத்தில் தவறான இடத்தைக் குறித்துப் போனால் வெயிலில் நடக்க வேண்டியதுதான். பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் லெபு பினாங்கு என்ற தெருவிலுள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும். அந்தப் பக்கச் சாலைகளை மறித்துவிடுவார்கள். அன்றைக்கு ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள் நேராகக் கடற்கரை விடுதிக்குப் போய்விடுவது உத்தமம்.

திரும்பி திருச்சியில் இறங்கும்போது இன்னொரு தவறு காத்திருக்கிறது. நம் ஊர் டாக்சி செயலியில் சாதாரண சவாரியாகக் காரைக்குடியைப் போட்டால், "எங்கே சார் டிராப்?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் ரத்து செய்வார். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், வெறும் வண்டியாகத் திரும்பவும் வேண்டுமே. அவுட்ஸ்டேஷன், அதாவது வெளியூர்ப் பயணம் என்று போட வேண்டும். என்னைக் கேட்டால், ஊர் வண்டிக்காரருக்கே முதல் நாள் சொல்லிவிடலாம். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை; செயலியின் வரைபடக் குறி பல நேரம் பின்வாசல் தெருவில்தான் விழும். ஊர்க்காரர் என்றால் நேரே முகப்பில் கொண்டுவந்து நிறுத்துவார்.