மரம் ஏறும் கயிற்றில் ஸ்விவல்: எங்கே மாட்டுவது, எவ்வளவு நம்புவது

எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, முன்னால் ஒரு பெரிய வேப்பமரம் நிற்கிறது. உடுமலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஓட்டைப் பெயர்த்து எறியும். அதற்குள், வைகாசியிலேயே, கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற வாதுகளைக் கழித்துவிட வேண்டும். மூன்று வருடமாக அந்த வேலையை நானே ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டை) கயிறும் போட்டுச் செய்கிறேன்.

போன வருடம் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி நாலு வாது வெட்டியாயிற்று. சரி, இறங்கலாம் என்று பிடிமுடிச்சை (எடை ஏறினால் கயிற்றைக் கவ்வும், கையால் இழுத்தால் நகரும் முடிச்சு) இழுத்தால் அசையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கவையிலிருந்து வரும் இரண்டு கயிறும் பள்ளிக்கூடப் பிள்ளையின் சடை மாதிரி பின்னிக் கிடந்தன. இருபத்தைந்து அடி உயரத்தில், காலால் அடிமரத்தை உந்தி உந்தி எதிர்ப்பக்கமாக ஏழு சுற்றுச் சுற்றிய பிறகுதான் முடிச்சு நகர்ந்தது. கீழே நின்றிருந்த மரம் வெட்டும் பெரியவர், "ஏனுங் தம்பி, தூரி ஆடறீங்களாக்கும்?" என்று கேட்டார்.

அந்தப் பின்னலுக்கு மருந்துதான் ஸ்விவல். மருந்தை நான் இரண்டு முறை தப்பாகச் சாப்பிட்டேன் என்பதால் இந்தப் பதிவு.

ஹார்னஸ் போடுவது, கவையில் கயிறு ஏற்றுவது, பிடிமுடிச்சு போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாதவர்கள் ஏறத் தெரிந்த ஒருவரோடு நின்று, தரையிலிருந்து மூன்றடியில் பழகிவிட்டு வாருங்கள். தென்னைக்கு இது எதுவும் வேண்டாம். மிதி இயந்திரத்தில் நேராக ஏறி நேராக இறங்குகிறோம், கயிறு முறுக்கிக்கொள்ள வழியே இல்லை. வேம்பு, புளி, மா, தூங்குமூஞ்சி என்று அகலமாக விரிந்த மரங்களில்தான் தொல்லை.

ஸ்விவல் என்றால் என்ன

மாட்டுச் சங்கிலியின் நடுவே தானாகச் சுழலும் ஒரு கண்ணி இருக்குமே, அதேதான். காங்கேயம் காளை முளைக்குச்சியை நாள் முழுக்கச் சுற்றினாலும் சங்கிலி முறுக்கேறாமல் இருப்பது அதனால். மரம் ஏறும் ஸ்விவலில் இரண்டு கண்கள் இருக்கும், நடுவில் ஓர் அச்சு. அச்சைச் சுற்றிப் பேரிங் வைத்தது உண்டு, வைக்காததும் உண்டு. நான் பேரிங் உள்ளதைத்தான் வாங்கச் சொல்வேன். மற்றது கையில் நன்றாகச் சுற்றும், ஆள் எடை ஏறியதும் இறுகி நின்றுவிடும். நமக்குத் தேவை எடை தொங்கும்போது சுற்றுவது.

வாங்கும்போது

நான் முதலில் வாங்கியது ஒரு ஹார்டுவேர் கடையில். பளபளவென்று இருந்தது, மேலே பலம் 30 கிலோநியூட்டன் (kN) என்று பொறித்திருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், கிலோவுக்குச் சின்ன k இருக்க வேண்டிய இடத்தில் பெரிய K. அது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. ஆனால் செய்தவன் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, கையேடும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "லாரியே தூக்கலாங்க" என்றார். லாரி தூக்க நான் வாங்கவில்லை. அது இப்போது பம்ப்செட் அறைச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 102 கிலோ எடை. ஆக, 22 கிலோநியூட்டன் என்பது 2,240 கிலோ அளவில் வரும். மரவேலைக்கான அமெரிக்க விதியான அன்சி இசட் 133, ஏறுபவரைத் தாங்கும் காராபைனருக்கு (திறந்து பூட்டும் உலோகக் கொக்கி) 5,000 பவுண்டு கேட்கிறது. அதுவும் இந்த 22 கிலோநியூட்டன்தான். நம் எடை 75 கிலோ இருக்கும்போது எதற்கு இவ்வளவு என்று தோன்றும். கயிற்றில் முடிச்சுப் போட்டாலே அதன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தொய்வோடு இரண்டடி விழுந்தால் உடம்பின் எடை பல மடங்காக இறங்கும். காராபைனர் பக்கவாட்டில் இழுபட்டால் அதன் பலம் 7, 8 கிலோநியூட்டனுக்கு வந்துவிடும். இத்தனையையும் கழித்துப் பார்த்தால் அந்த எண் அதிகமாகத் தெரியாது.

அதனால் செய்தவர் பெயர், பலம், தொகுதி எண், கையேடு நான்கும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பெட்சல், டிஎம்எம் என்ற இரண்டு கம்பெனிகளில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். விலை கசக்கும். காராபைனரில் ஈஎன் 362, கயிற்றில் ஈஎன் 1891 ஏ வகை, இடுப்பு ஹார்னஸில் ஈஎன் 813 என்ற ஐரோப்பியத் தர எண்களையும் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஐஎஸ் 3521 (இந்தியத் தர எண்) பெல்ட், கட்டட வேலையில் விழுபவரைப் பிடிப்பதற்கானது. அதில் உட்கார்ந்து மரம் கழிக்க முடியாது, தொடை மரத்துப் போகும்.

திறந்து மூடும் திருகு வைத்த ஸ்விவலும் உண்டு. வசதிதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு மூடிய கண் உள்ளதே நல்லது என்பேன். கழன்றுவிடுமோ என்று கவலைப்பட ஒரு திருகு குறைவு.

எங்கே மாட்டுவது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கயிறு கவை மேல் போய்த் திரும்பி வரும் முறையைத்தான் சொல்கிறேன். ஒரு முனை நம் இடுப்புக் காராபைனரில் மாட்டியிருக்கும். மறுபக்கக் கயிற்றில் பிடிமுடிச்சு, அதுவும் அதே காராபைனரில். கயிறு முறுக்குகிறது, எனவே கயிற்றின் முனையில் ஸ்விவலை வைப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் வைத்தேன். ஏறினேன், மரத்தை மூன்று சுற்று வந்தேன். மறுபடி சடை.

ஏன் என்று தரையில் உட்கார்ந்து இரண்டு தாம்புக் கயிற்றை வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. முறுக்கு இரண்டு வகை. ஒன்று, ஒரே கயிறு தன்னைத்தானே முறுக்கிக்கொள்வது. கயிற்று முனையில் வைத்த ஸ்விவல் அதை அவிழ்க்கும். இன்னொன்று, இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வது. நம் உடம்பு சுற்றும்போது இரண்டு முனைகளும் சேர்ந்து சுற்றுவதால் வருவது இது. முடிச்சை நகரவிடாமல் செய்வதும் இதுதான். ஒரு முனையில் மட்டும் ஸ்விவல் வைத்து இதை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு முனைகளும் சேரும் இடத்துக்கும் நம் உடம்புக்கும் நடுவில் அது இருக்க வேண்டும். அப்போது நாம் பம்பரமாகச் சுற்றினாலும் மேலே கயிறுகள் இரண்டும் இணையாக நிற்கும்.

ஆக, வரிசை இப்படி வரும். ஹார்னஸின் இரண்டு இடுப்பு வளையங்களையும் சேர்க்கும் குட்டிக் கயிறு இருக்கிறதே, பிரிட்ஜ் என்பார்கள், அதில் ஸ்விவலின் கீழ்க்கண். மேல்கண்ணில் காராபைனர். அந்தக் காராபைனரில் கயிற்று முனையும் பிடிமுடிச்சும். கீழ்க்கண்ணில் குட்டிக் கயிற்றை நேராகக் கோப்பதாக இருந்தால் அந்தக் கண்ணின் உள்விளிம்பு தடித்து உருண்டையாக இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கயிறு ஓடலாம் என்று கையேட்டில் இருக்கவும் வேண்டும். சில மாடல்களின் கண் காராபைனருக்கு மட்டுமானது, மெல்லிய விளிம்பு கயிற்றைத் தேய்க்கும்.

காராபைனர் மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டு வகையாக இருக்கட்டும். கையால் திருகும் வகை இலையிலும் கிளையிலும் உரசி உரசித் தானே திறந்துகொள்வதை ஒரு தடவை பார்த்தேன், போதும்.

புரிக் கயிறு பக்கம் போகாதீர்கள்

என் இரண்டாவது தப்பு இது. வாது இறக்க வைத்திருந்த மூன்று புரி நைலான் கயிற்றின் முனையில் ஸ்விவலை மாட்டி, நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு புளியங்கிளையைத் தொங்கவிட்டேன். கிளை மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அழகாகத்தான் இருந்தது. கயிற்றைப் பார்த்தால் புரி மூன்றும் தளர்ந்து, நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

புரிக் கயிற்றுக்குப் பலமே அந்த முறுக்குதான். எடை ஏறினால் அது பிரியப் பார்க்கும். முனை கட்டுண்டு இருக்கும்வரை பிரிய முடியாது. நாமே ஸ்விவல் மாட்டிக் கதவைத் திறந்துவிட்டால் புரி விரிந்து கயிறு பலம் இழக்கும். உள்ளே நூல்கட்டும் வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்விவல் அந்தக் கயிற்றோடு மட்டும்.

ஏறும் முன்

ஸ்விவலில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று. கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும், காராபைனர் தேய்ந்தால் பள்ளம் தெரியும். ஸ்விவலின் அச்சு உள்ளே இருக்கிறது. எனவே கண்ணை விட்டுவிட்டுக் கையையும் காதையும் நம்ப வேண்டியிருக்கிறது.

காதருகே வைத்துச் சுற்றுங்கள். நல்லது சத்தமே போடாது. நறநற என்றால் உள்ளே மரத்தூளோ மணலோ போயிருக்கிறது. பிறகு இரண்டு கண்களையும் பிடித்து இழுத்து, தள்ளி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வாங்கிய அன்று எவ்வளவு ஆட்டம் இருந்தது என்று விரலுக்கு ஞாபகம் இருக்க வேண்டும், அதைவிடக் கூடியிருந்தால் ஓரம் கட்டுங்கள். காராபைனர் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், பள்ளம் தட்டுகிறதா பாருங்கள்.

அடுத்தது தாழ்வான தொங்கல். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முழு எடையையும் போட்டு உட்கார்ந்து, இந்தப்பக்கம் மூன்று சுற்று, அந்தப்பக்கம் மூன்று சுற்று. காராபைனர் நேராக நிற்கிறதா, ஸ்விவல் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் இழுபடுகிறதா என்று பாருங்கள். கிளை மேல் மடங்கிப் படுத்த நிலையில் எடை ஏறினால் அச்சு வளையும். பொறித்திருக்கிற பலமெல்லாம் நேர் இழுப்புக்கு மட்டும்தான்.

வாள் எடுக்கும்போது இடுப்பிலிருந்து இன்னொரு லேன்யார்டை, அதாவது குட்டைப் பிடிகயிற்றை, தண்டைச் சுற்றிப் போட்டாக வேண்டும், ஸ்விவல் தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் சரி. பிடிப்பு எப்போதும் இரண்டு.

எங்கள் பெரியவர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு, "அந்த மோதரத்தெ நம்பியா மேல போறீங்?" என்றார். நம்பித்தான் போகிறேன், காலையில் சோதித்தேனே என்றேன். "நானு கவையத்தான் நம்புவெ" என்று சொல்லிவிட்டு, நான் கயிறு போட்டிருந்த கவையை அரிவாள் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். பொத்தென்று கேட்டது. உள்ளே கரையான் தின்ற பொந்து. ஸ்விவலைக் காதில் வைத்துக் கேட்ட நான் கவையைத் தட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கயிற்றை இறக்கி வேறு கவையில் போட்டேன். இப்போதெல்லாம் முதல் சோதனையே மரத்துக்குத்தான்.

பிற்சேர்க்கை 1

கோவை கணபதியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "எங்க லேத்துப் பட்டறையிலேயே எஸ்எஸ்ஸில் கடைந்துக்கலாமுங்களா, நூறு மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் போட்ட கை." கை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஷாஃப்ட் உடைந்தால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். கடைவது வேலையில் பாதிதான். உலோகத்தின் தரம், வெப்பப் பதம், ஒரு தொகுதியில் சிலவற்றை எடுத்து உடையும்வரை இழுத்துப் பார்ப்பது எல்லாம் மீதிப் பாதி. அந்த மீதிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வேண்டாமுங்க.

பிற்சேர்க்கை 2

திருப்பூர் வாசகி ஒருவர் கயிற்றை எங்கே வைப்பது என்று கேட்டார். அவர் வீட்டிலேயே பிளீச்சிங் சரக்கு இருக்கிறதாம். அந்த அறையில் வைக்கவே வேண்டாம். நைலானை ஆசிடும் பிளீச்சும் தின்னும், வெளியே பார்க்கக் கயிறு புதிது போலவே இருக்கும். மருந்து அடிக்கும் டேங்க், டிராக்டர் பேட்டரி பக்கமும் கூடாது. ஸ்விவலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். கையேடு சொல்லாமல் எண்ணெய் விடாதீர்கள், தூளைத்தான் இழுக்கும்.

பிற்சேர்க்கை 3

இதை நானே எழுதியிருக்க வேண்டும். ஸ்விவல் மாட்டியதும் பிடிமுடிச்சு ஒரு சாண் வரை மேலே போகும். ஒருவர் ஏறிய பிறகு முடிச்சு கைக்கு எட்டாமல் பத்து நிமிடம் தொங்கியிருக்கிறார். தாழ்வாகத் தொங்கும்போதே கையை நீட்டி, முழங்கை லேசாக மடங்கிய நிலையில் முடிச்சைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். எட்டவில்லை என்றால் பிடிமுடிச்சின் கயிற்றைக் குட்டையாக மாற்றுங்கள், அல்லது நீளம் குறைந்த ஸ்விவலாக வாங்குங்கள். பிரிட்ஜைச் சுருக்கலாமா என்று அவர் கேட்டார். நான் முயன்று பார்த்தேன், இடுப்பு நெரிந்ததுதான் மிச்சம்.